ஓர் இழையின் சாட்சியம்

திருவெளிப்பாடு நூலில் ஏழு திருச்சபைகளுக்கு எழுதப்பட்ட திருமுகங்களுள் மிக நீண்டது தியத்திராவுக்கு உரியது. எபேசு, சிமிர்னா போன்ற பெருநகரங்களோடு ஒப்பிட்டால் தியத்திரா பெரும்பெயர் பெற்ற நகரமன்று. அது கைவினைஞர்களின் ஊர். சாயத்தொழிலாளர் சங்கத்தைக் குறிப்பிடும் பழங்கல்வெட்டுகள் அங்குக் கிடைத்துள்ளன. பிலிப்பி நகரில் தூய பவுலின் போதனைக்கு உள்ளம் திறந்த லீதியா, செந்நிற ஆடைகளை விற்று வந்த அந்த லீதியா, தியத்திரா நகரத்தவர். அவர் விற்ற ஆடைகளுக்குச் சிவப்பூட்டியது விலையுயர்ந்த கடற்சிப்பியின் சாயமன்று, வயல் ஓரத்தில் விளையும் ஒரு செடியின் வேரே என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சிட்டி என்ற பெயரில் கிடைக்கிறதே, அதன் நெருங்கிய உறவுச் செடி அது. துருக்கியர் அதனை வேர்ச்சாயம் என்றே தம் மொழியில் அழைக்கின்றனர்.

அந்த வேரைப் பற்றி நாம் அறிந்திருந்தது இவ்வளவே. இந்தச் சிற்றறிவு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2013-ஆம் ஆண்டு, நம் பங்கு மக்கள் இருபத்திரண்டு பேருடன் ஏழு திருச்சபைகளின் திருப்பயணம் மேற்கொண்டோம். தியத்திரா இன்று அகிசார் எனப்படும் துருக்கிய நகரம். கடைவீதிகளுக்கு நடுவே, வேலியிட்ட ஒரு சிறு நிலத்தில் சில தூண்களும் இடிந்த சுவர்களும் நிற்கின்றன. அங்கே அந்த நீண்ட திருமுகத்தை உரக்க வாசித்துச் செபித்தோம். தீச்சுடர் போன்ற கண்களை உடையவராக இறைமகன் அதில் தோன்றுகிறார். மனிதரின் உள்ளங்களை ஊடுருவி ஆராய்பவர் நாமே என்று தம்மை அறிவிக்கிறார். வாசித்தபோது அச்சொற்கள் நம்மைத் தொடவில்லை. வெயில் கடுமையாக இருந்தது, பேருந்து காத்திருந்தது.

அன்று மாலை வழியில் ஒரு கம்பளக் கடைக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கணவரை இழந்து ஈராண்டு ஆகியிருந்தது. மறு ஆண்டு நம் ஆலயத்தின் பொன்விழா. கணவரின் நினைவாகப் பீடத்தின் படிக்கட்டில் விரிக்க ஒரு நல்ல கம்பளம் வாங்கித் தரவேண்டும் என்று ஓய்வூதியத்திலிருந்து சேமித்த பணத்துடன் வந்திருந்தார்.

கடைக்காரர் ஒரு கம்பளத்தை விரித்தார். ஆறடி நீளம், நான்கடி அகலம். ஆழ்ந்த சிவப்புப் பரப்பில் மூன்று எண்கோணங்கள். அவற்றில் நீலமும் வெண்மையும் பச்சையும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு செம்மஞ்சள் பூ. யோருக் எனப்படும் நாடோடி மேய்ப்பர் இனத்துப் பெண்கள் தம் ஆடுகளின் மயிரை நூற்று, தாமே சாயமிட்டு நெய்தது என்றார். நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்றார். சான்று கேட்டபோது, "எல்லாம் இயற்கைச் சாயம். இந்தச் சிவப்பைப் பாருங்கள்" என்றார்.

ஆசிரியை நம்மைப் பார்த்தார். "சாமி, நீங்கள் பார்த்துச் சொன்னால் வாங்கிவிடுகிறேன்" என்றார்.

நாம் குனிந்து பார்த்தோம். சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் பட்டை பட்டையாக ஓடியது. ஒவ்வொரு முறை காய்ச்சிய சாயமும் சற்றே வேறுபடுவதால் கைச்சாயத்தில் இப்படி நேரும் என்று எங்கோ படித்திருந்தோம். "இது வேர்ச்சாயம்தான் டீச்சர், ஐயமில்லை. பழைய கம்பளம்தான்" என்றோம். அவர் வாங்கிவிட்டார். பொன்விழா மலரில் அக்கம்பளத்தின் படம் வெளியாயிற்று. அதன் கீழ், "லீதியாவின் மண்ணிலிருந்து வந்த, 150 ஆண்டுப் பழமையான கம்பளம்" என்று நாமே எழுதினோம்.

2015-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், பீடத்தருகே இருந்த பூச்சாடி கவிழ்ந்து கம்பளத்தில் நீர் கொட்டியது. உபதேசியார் உடனே துடைத்தும் பயனில்லை. செம்மஞ்சள் பூவிலிருந்து சாயம் கசிந்து அருகிலிருந்த வெண்ணூலில் படர்ந்திருந்தது. அதே நீரில் நனைந்த சிவப்பும் நீலமும் அணுவளவும் கசியவில்லை.

அந்தக் கறை நமது உறக்கத்தைக் கெடுத்தது. அருகிலுள்ள கல்லூரியொன்றில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் நமக்கு நண்பர். அவரிடம் சொன்னோம். அவர் வந்து கம்பளத்தைப் புரட்டினார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்த்தார். ஒளியும் காலடியும் படாத பின்புறத்திலும், முடிச்சுகளின் அடிவேரிலும் நூலின் முதல் நிறம் மறையாமல் நிற்கும் என்றார். தொடக்ககாலச் செயற்கைச் சாயங்கள் சில வெயிலில் வெளிறி, முகப்பில் பழஞ்சாயம் போலச் சாந்தமாகக் காட்சி தரும். நூலைப் பிரித்து அடியைப் பார்த்தால் பளீரென்ற ஊதாவோ சிவப்போ அங்கே ஒளிந்திருக்கும். வெளிறியிருப்பது வேறு, முதுமை வேறு.

அடுத்து அவர் வேறோர் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டார். அந்தச் செம்மஞ்சள் நூல் பிற்காலத்தில் கிழிசல் தைத்தபோது சேர்ந்ததாக இருக்கலாமே! அப்படியானால் அது கம்பளத்தின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் மூன்று பூக்களிலும் அதே நூல் இருந்தது. பாவும் ஊடையும் எங்கும் அறுபடாமல் ஓடின. முடிச்சுகளின் இறுக்கத்திலும் மாற்றமில்லை. நெய்த கையே அந்நூலையும் முடிந்திருந்தது. பின்னர் பின்புறத்திலிருந்து சிவப்பிலும் செம்மஞ்சளிலும் சில மில்லிமீட்டர் இழைகளை மட்டும் கத்தரித்து எடுத்துச் சென்றார்.

பத்து நாள் கழித்து அவர் விளக்கியதை, நாம் பிற்பாடு படித்தறிந்தவற்றோடு சேர்த்துச் சுருக்கமாகச் சொல்வோம்.

வேர்ச்சாயம் தானாகக் கம்பளி நூலில் ஒட்டாது. முதலில் நூலைப் படிகார நீரில் ஊறவைக்க வேண்டும். படிகாரம் நூலுக்கும் சாயத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைக்கிறது. அப்பிணைப்பை உடைக்க அமிலம் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். அவ்வாறு பிரித்தெடுத்த சாயத்தைக் குரோமட்டோகிராபி எனப்படும் வண்ணப்பிரிகை முறையில் மெல்லிய தகட்டின்மேல் ஓடவிட்டால், அதன் கூறுகள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். வேர்ச்சாயத்தில் அலிசரின், பர்ப்யூரின் என்னும் இரண்டும் உண்டு. 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜெர்மானியர் அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கும் வழியைக் கண்டனர். விரைவிலேயே ஆலைச்சரக்காக வந்த அந்தச் சாயத்தில் பர்ப்யூரின் இராது. ஆகவே இரண்டு புள்ளிகளும் சேர்ந்து தெரிந்தால் அது வேரின் சாயம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பேராசிரியர் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேரும் வாங்கியிருந்தார். அதிலும் பர்ப்யூரின் உண்டு. நம் கம்பளத்தின் சிவப்பு இரு புள்ளிகளையும் காட்டியது. "ஃபாதர், சிவப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான்" என்றார்.

செம்மஞ்சளைப் பற்றி அவர் சொன்னது வேறு. இயற்கை முறையில் அந்நிறம் வேண்டுமானால் மஞ்சள் சாயமும் வேர்ச்சாயமும் சேரவேண்டும். இரண்டின் புள்ளிகளும் தகட்டில் தெரியவேண்டும். இந்த நூலோ அமிலம் ஏதும் இன்றி வெந்நீரிலேயே சாயத்தை விட்டது. தகட்டில் ஒரே ஒரு செம்மஞ்சள் புள்ளியைக் காட்டியது. 1870-களில் ஐரோப்பிய ஆலைகளில் தோன்றிய அஸோ வகைச் சாயங்களுள் ஒன்று அது. எனவே அந்தச் சாயம் ஆலையில் பிறந்து, கப்பலேறி, சந்தை வழியாக ஒரு மலைச்சிற்றூரை அடைந்த பிறகே அக்கம்பளம் நெய்யப்பட்டிருக்க வேண்டும். 1863-இல் நெய்ததாக இருக்கவே முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அந்நூல் சொல்லாது. 1890 ஆகலாம், 1930-உம் ஆகலாம். கரிமக் கதிரியக்க முறையால் அறியலாமே என்று கேட்டோம். கடந்த ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குள் அம்முறை தெளிவான விடை தருவதில்லை என்றார். இத்தகைய கம்பளங்களின் காலத்தை ஆராய்வோர் சாயத்தை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேதியியல் வரலாற்றில் சில ஆண்டுகள் இவ்வாறு எல்லைக்கற்களாக நிற்கின்றன. 1856-இல், பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்தாகிய குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று, தற்செயலாக ஊதா நிற அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1859-இல் மஜெந்தா வந்தது. 1884-இல் காங்கோ சிவப்பு வந்தது. அவுரியின் நீலம் 1897-இல் ஆலைச்சரக்காயிற்று. அனிலின் சாயம் உள்ள கம்பளம் 1856-க்கு முந்தியதாக இராது. காங்கோ சிவப்பு உள்ள கம்பளம் 1884-க்கு முந்தியதாக இராது. நீலம் மட்டும் பெரிதும் உதவாது; ஏனெனில் ஆலை நீலமும் அவுரி நீலமும் ஒரே வேதிப்பொருள்.

இங்கேதான் நமது பிழையின் வேர் இருந்தது. குருமடத்தில் மெய்யியல் முதலாண்டிலேயே தருக்கம் கற்றோம். மழை பெய்தால் தரை நனையும்; தரை நனைந்திருக்கிறது; ஆகவே மழை பெய்தது என்பது போலி வாதம், ஏனெனில் யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கவும் கூடும் என்று தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். கம்பளக் கடையில் நாம் செய்தது அதே போலி வாதம். பழைய கம்பளங்கள் இயற்கைச் சாயம் உடையவை. இது இயற்கைச் சாயம் உடையது. ஆகவே இது பழையது. ஆலைச் சாயம் வந்த நாளிலேயே ஊரெல்லாம் வேர்ச்சாயத்தைக் கைவிட்டுவிடவில்லை. ஒரே பானையருகே இரண்டும் பல காலம் இருந்தன. கைவிட்ட இடங்களிலும் அது மீண்டும் வந்தது. துருக்கியில் வாழ்ந்த ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர் ஹரால்ட் போமர், பழங்கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்து, எந்தெந்தச் செடியிலிருந்து அவை வந்தன என்று கண்டார். 1981-இல் இஸ்தான்புல் நகரின் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பாட்டியர் அறிந்திருந்து பேத்தியர் மறந்துவிட்ட சாயமுறைகள், அய்வஜிக் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும், பின்னர் மனிசா மாநிலத்து மலையூர்களுக்கும் திரும்பக் கற்பிக்கப்பட்டன. நேற்று நெய்த கம்பளத்திலும் கலப்பற்ற வேர்ச்சாயம் இருக்க முடியும் என்பது இதனால் விளங்கும்.

ஆக, ஆயிரம் சிவப்பு நூல்கள் சேர்ந்தாலும் முதுமைக்குச் சாட்சி சொல்ல இயலவில்லை. செம்மஞ்சள் நூல் ஒன்று, நாம் சொன்ன வயது பொய் என்று சாட்சி சொல்லிவிட்டது.

இதனை ஆசிரியையிடம் சொல்லவேண்டும். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்ந்து, அக்கம்பளத்தைப் பார்த்தபடியே திருப்பலியில் பங்கேற்பவர் அவர். அவர் உள்ளம் நோகுமே என்று நாள் கடத்தினோம். உயிர்ப்புக் காலம் முழுவதும் கடத்தினோம். தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்தின வாரம் நம்மை நாமே சோதித்துப் பார்த்தபோது, அவர் உள்ளம் நோவதைவிட, நமது சொல் விழுவதையே நாம் அஞ்சினோம் என்பது தெரிந்தது. இரக்கம் என்று நாம் பெயரிட்டிருந்ததன் முதுகைப் புரட்டினால், அடியில் வேறு நிறம் இருந்தது. அகிசாரில் வெயிலில் நின்று வாசித்தபோது நம்மைத் தொடாத அந்தச் சொற்கள் இப்போது தொட்டன.

இதில் நமக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. கடைக்காரர் தம் சரக்கைப் புகழ்ந்தார். வணிகர் புகழ்வது எவரும் எதிர்பார்ப்பதே. ஆசிரியை அவரை நம்பிப் பணம் கொடுக்கவில்லை. நம்மை நம்பிக் கொடுத்தார். குருவின் வாய்ச்சொல்லுக்கு மக்கள் தரும் மதிப்பு, திருவருட்சாதனங்களையும் இறைவார்த்தையையும் முன்னிட்டுத் தரப்படுவது. அந்த மதிப்பை நாம் அறியாத ஒரு பொருளுக்குச் செலவிட்டுவிட்டோம். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. ஆயினும் "ஐயமில்லை" என்றோம். ஐயம் கொள்ளவேண்டிய இடத்தில் ஐயமில்லை என்பது அறியாமை மட்டுமன்று.

ஆசிரியையின் இல்லம் சென்று எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாம் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். "சாமி, சிவப்பும் நீலமும் பச்சையும் தன் கையாலேயே காய்ச்சத் தெரிந்தவள், அந்த ஒரு நிறத்தை மட்டும் ஏன் கடையில் வாங்கினாள்?"

நம்மிடம் விடை இல்லை. மீண்டும் படித்தோம். அந்தச் சிற்றூர்களுக்கு ஆலைச் சாயம் முதன்முதலில் வந்தபோது அது மலிவுச் சரக்காகக் கருதப்படவில்லை. வேரும் இலையும் தரமுடியாத பளபளப்பு அதில் இருந்தது. காசு கொடுத்து வாங்கவேண்டிய அரிய பொருளாக இருந்தது. ஆகவே பழைய நெசவுகள் பலவற்றில் அதைச் சிக்கனமாக, கண்படும் இடங்களில் மட்டும் சிறு சிறு புள்ளிகளாக வைத்திருக்கிறார்கள். நம் கம்பளத்திலும் அது ஓரத்திலோ மூலையிலோ இல்லை. மூன்று எண்கோணங்களின் நடுவில் இருக்கிறது. சேகரிப்போர் குறையென்று விலையைக் குறைக்கும் அந்த இழையை, நெய்தவள் தன்னிடமிருந்த மிகச் சிறந்ததென்று நினைத்து நடுவில் வைத்திருக்கிறாள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதனை ஆசிரியையிடம் சொன்னபோது, "அப்படியானால் அது பீடத்தின் முன்னாலேயே இருக்கட்டும், சாமி" என்றார். பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவர்மேல் ஊற்றிய பெண்ணை நினைத்துக்கொண்டோம். அன்றும் பொருளின் விலையைக் கணக்கிட்டவர்கள் இருந்தார்கள். ஆண்டவர் கொடுத்தவளின் உள்ளத்தைப் பார்த்தார்.

தூய ஆவியார் பெருவிழாத் திருப்பலியின் இறுதியில், அறிவிப்புகளோடு இதையும் சேர்த்தோம். "பொன்விழா மலரில் கம்பளத்தின் வயது 150 ஆண்டு என்று எழுதியது தவறு. அதை எழுதியவர் உங்கள் பங்குத்தந்தை. அது அதைவிட இளையது. எவ்வளவு இளையது என்று தெரியாது. அதன் சிவப்பு வேர்ச்சாயமே. அதைக் கொடுத்தவரின் அன்பு பற்றி எழுதியது அனைத்தும் உண்மை." சிலர் சிரித்தனர். ஆசிரியை சிரிக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. அலுவலகத்தில் எஞ்சியிருந்த மலர்களில் அந்த வரியைப் பேனாவால் அடித்துத் திருத்திக் கையொப்பமிட்டோம்.

அன்று முதல் நமக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நற்சான்றிதழ் கேட்டு வருவோர், வரன் பற்றி விசாரிக்க வருவோர், இவர் நல்லவரா சாமி என்று கேட்போர் பங்கு அலுவலகத்தில் எந்நாளும் உண்டு. செபமாலையும் ஞாயிறு தவறாத வருகையும் நல்ல நிறங்களே. ஆனால் அவற்றை மட்டும் வைத்து ஒருவரின் உள்ளத்துக்கு முத்திரை குத்த நமக்கு உரிமையில்லை. ஒரு கறையைக் கண்டவுடன் முழுக் கம்பளத்தையும் சுருட்டி வெளியே எறியவும் உரிமையில்லை. அறிந்ததை அறிந்த அளவுக்குச் சொல்கிறோம். அதற்குமேல் ஒரு சொல்லும் கூட்டுவதில்லை. உள்ளங்களை ஆராயும் தீச்சுடர் போன்ற கண்கள் நம்முடையவை அல்ல.

கம்பளம் இன்றும் பீடத்தின் முன் விரிந்திருக்கிறது. நடுப்பூவின் அருகே வெண்ணூலில் கறை இருக்கிறது. அதை வெளுக்க வழியுண்டு என்று பேராசிரியர் சொன்னார். வேண்டாம் என்றோம். திருப்பலிக்காகப் படியேறும்போது தினமும் அது கண்ணில் படுகிறது.